அவர் அவையில் என்ன பேசினார்? ஒரு பெண் உறுப்பினரைத் தேடிப் படித்து எழுதும் முறை

மகளிர் தினம் நெருங்கும்போது நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்குக் கட்டுரைப் போட்டிக்குக் குறிப்பெடுக்கப் பிள்ளைகள் வருவார்கள். வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் என்பதால் என்னிடம் வந்து, "டீச்சர், ஒரு பெண் எம்.எல்.ஏ.வைப் பத்தி எழுதணும், என்ன எழுத?" என்று கேட்பார்கள். கையில் இருக்கும் குறிப்பை வாங்கிப் பார்த்தால் பிறந்த ஊர், அப்பா பெயர், கணவர் பெயர், வகித்த பதவிகள் எல்லாம் இருக்கும். முடிவில் 'எளிமையானவர், ஏழைகளுக்காக உழைத்தவர்' என்று ஒரு வரி. அந்த அம்மா சபையில் எழுந்து நின்று பேசிய ஒரு வாக்கியம்கூட இருக்காது.

சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் ஆளை அனுப்புவதே நமக்காகப் பேசத்தான். பேசியதெல்லாம் சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்டு அச்சாகி இருக்கிறது. அதைப் படிக்காமல் ஒருவரைப் புகழ்ந்தாலும் சரி, குறை சொன்னாலும் சரி, அது அவருக்குச் செய்யும் அநியாயம். பெண்களுக்கு இந்த அநியாயம் கூடுதலாகவே நடக்கிறது; யாருடைய மகள், யாருடைய மனைவி என்பதோடு கட்டுரை முடிந்துபோகிறது. அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். சுய உதவிக் குழுவில் இருக்கும் அக்காமாரும் இதைச் செய்யலாம். பெரிய படிப்பு வேண்டாம், பொறுமை போதும்.

முதலில் ஆளையும் அவையையும் முடிவு செய்யுங்கள்

நம் மாவட்டத்திலேயே ஆள் இருக்கிறார்கள். 1957 தேர்தலில் குளச்சல் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் வென்று, காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறை அமைச்சரான லூர்தம்மாள் சைமன். முதலமைச்சரையும் சேர்த்து எட்டுப் பேர் இருந்த அந்த அமைச்சரவையில் அவர் ஒருவர்தான் பெண். கடற்கரைச் சமுதாயத்திலிருந்து போனவர். அப்புறம் 2009 முதல் 2014 வரை கன்னியாகுமரி மக்களவை உறுப்பினராக இருந்த தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன். விளவங்கோட்டில் 2011, 2016, 2021 தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் வென்ற விஜயதரணி. 2024இல் அவர் பதவி விலகியதால் வந்த இடைத்தேர்தலில் வென்ற தாரகை கத்பர்ட்.

ஒருவரைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு தாளில் நாலைந்து தேதிகளை மட்டும் எழுதிக்கொள்ளச் சொல்வேன். எந்த ஆண்டு வென்றார், எந்த அவைக்கு, அப்போது ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா, இடையில் அமைச்சரானாரா, எப்போது வெளியே வந்தார். இந்தத் தாள் இல்லாமல் தேடப் போனால் வேறு அவையின் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு இருப்போம். நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முந்தைய நம் ஊர் விவாதங்களைச் சென்னைப் பேரவைக் குறிப்பில் தேடினால் கிடைக்காது. திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி சபைக் குறிப்புகளுக்குத் திருவனந்தபுரம்தான் போக வேண்டும். மலையாளம் வரும் பக்கங்களுக்குப் பயப்பட வேண்டாம், விளவங்கோடு பக்கம் மலையாளப் பள்ளியில் படித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்தை எடுத்தால் ஆனி மஸ்கரீனைப் பற்றி எழுதுங்கள் என்று நானே கேட்டுக்கொள்வேன். திருவனந்தபுரத்துக்காரர். அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் ஒருவர். திருவிதாங்கூர்-கொச்சியில் அமைச்சராக இருந்தவர். 1952இல் முதல் மக்களவைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து சுயேச்சையாகவே வென்று போனவர். கட்சி இல்லாமல் போனவர் யாருக்காகப் பேசினார், எந்தப் பக்கம் நின்றார் என்று பார்ப்பதே தனி ஆராய்ச்சி. அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் 12 தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அமைச்சரா, உறுப்பினரா?

இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அமைச்சராக இருப்பவர் சபையில் கேள்வி கேட்பதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவர் அவர். லூர்தம்மாள் சைமன் 'எத்தனை கேள்வி கேட்டார்' என்று தேடினால் ஒன்றும் வராது. அவரைத் தேட வேண்டிய இடம் மூன்று. உள்ளாட்சித் துறை பற்றிய கேள்வி நேரம், ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு வரும் உள்ளாட்சித் துறை மானியக் கோரிக்கை (துறையின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது) விவாதம், துறை சார்ந்த மசோதாக்கள்.

1957 சபையில் தி.மு.க. முதல் முறையாக 15 பேரோடு உள்ளே வந்தது. அண்ணாவும் கருணாநிதியும் அதில் உண்டு. அப்படிப்பட்ட சபையில் குடிநீர், சாலை, நகராட்சி, பஞ்சாயத்து என்று தினசரி வாழ்க்கையின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய துறை அவர் கையில் இருந்தது. 1958இல் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் வந்ததும் அதே காலத்தில்தான். அந்த மசோதாவின் விவாதத்தை எடுத்து வைத்து, யார் முன்மொழிந்தார், ஒவ்வொரு பிரிவுக்கும் வந்த திருத்தங்களில் எதை அரசு ஏற்றது, எதை மறுத்தது, மறுத்தபோது என்ன காரணம் சொல்லப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டம் எந்தச் சண்டையிலிருந்து வந்தது என்பது அங்கேதான் தெரியும். இன்று பஞ்சாயத்துத் தலைவியாக இருக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தப் பக்கங்களைப் படித்துக்காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

சட்டமன்றத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளைப் படமாக வருடி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பெயரைத் தட்டச்சு செய்து தேடுவதை மட்டும் நம்பாதீர்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு அச்சான தமிழில் லை, னை, றா, னா போன்ற எழுத்துகள் வேறு வடிவத்தில் இருக்கும். கணினிக்கு அது பல இடங்களில் பிடிபடாது. பெயரையே லூர்தம்மாள், லூர்து அம்மாள், ஸைமன் என்று பலவிதமாக அச்சடித்திருப்பார்கள். அந்தக் காலத்து விவாதங்கள் பாதி ஆங்கிலம் பாதி தமிழ் என்பதால் இரண்டு மொழியிலும் பார்க்க வேண்டும். பொருளடக்கத்தில் துறையின் பெயரைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போவதுதான் நிச்சயமான வழி. மக்களவை, மாநிலங்களவை விவாதங்களுக்கு நாடாளுமன்றத்தின் மின்னூலகம் இருக்கிறது. அங்கே உறுப்பினர் பெயரைக் கொண்டு தேடினால் பெரும்பாலும் வந்துவிடும்.

ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது

மக்களவைக் குறிப்பைத் திறந்ததும் பிள்ளைகளுக்கு முதலில் குழப்பம் தருவது நட்சத்திரக் குறி. கேள்வி எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம் இருந்தால் அதற்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், அதன் மீது துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அதோடு சரி. பேச்சின் நடுவே நட்சத்திரம் வந்தால் அங்கே ஏதோ ஒரு சொல் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது, அல்லது பதிவாகவில்லை. பேச்சின் தொடக்கத்தில் வந்தால், அது தமிழில் பேசியதன் ஆங்கில மொழிபெயர்ப்பாக இருக்கலாம், அல்லது நேரம் கிடைக்காமல் எழுதிக் கொடுத்த உரையாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் பக்கத்தின் அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும். எழுதிக் கொடுத்த உரையை 'ஆவேசமாக முழங்கினார்' என்று எழுதிவிடக் கூடாது.

தமிழில் பேசிய உரை என்றால் ஆங்கிலத்தில் இருப்பதை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தமிழாக்க வேண்டாம். அது அவர் பேசிய சொல் ஆகாது. 'இந்தப் பொருள்படப் பேசினார்' என்று எழுதுங்கள். மக்களவையில் தமிழில் கேள்வி கேட்க உரிமை வேண்டும் என்று போராடியவர் 1977இல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து போன குமரி அனந்தன். நம் ஊர்க்காரர் பிடிவாதத்தால் கிடைத்ததை நாம் கவனமாகக் கையாள வேண்டும்.

கேள்வி ஒன்றை எப்படிப் பிரித்துப் படிப்பது என்பதற்கு நானே ஒரு மாதிரி எழுதிக்காட்டுவது வழக்கம். கடல் அரிப்பைப் பற்றி ஓர் உறுப்பினர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

(அ) கன்னியாகுமரி மாவட்டத்தில் கடல் அரிப்பால் வீடுகள் சேதமான ஊர்களின் விவரம் அரசிடம் உள்ளதா. (ஆ) இருப்பின், அங்கே தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல் தடுப்பு) அமைக்க மாநில அரசிடமிருந்து கருத்துரு வந்துள்ளதா. (இ) வந்திருந்தால் அதன் மீது எடுத்த நடவடிக்கை என்ன. (ஈ) பணி எப்போது முடியும்?

பதில் பெரும்பாலும் '(அ) முதல் (ஈ) வரை: அறிக்கை அவையின் மேசை மீது வைக்கப்படுகிறது' என்று தொடங்கும். இப்போது பென்சிலை எடுங்கள். அந்த அறிக்கையில் எந்த உட்பிரிவுக்குப் பதில் இல்லை? அனேகமாக 'எப்போது' என்பதற்குத்தான் இருக்காது. அடுத்து உறுப்பினர் கேட்ட துணைக் கேள்வியைப் படியுங்கள். அறிக்கையில் விடுபட்டதையே பிடித்து, ஊர்ப் பெயர் சொல்லிக் கேட்டாரானால் அவர் அறிக்கையைப் படித்துவிட்டு வந்திருக்கிறார், ஊரையும் பார்த்திருக்கிறார். நன்றி சொல்லிப் பாராட்டி உட்கார்ந்துவிட்டால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓர் உறுப்பினரின் தரம் எனக்கு இந்தத் துணைக் கேள்வியில் தெரிவதுபோல் வேறு எங்கும் தெரிந்ததில்லை.

நீண்ட உரைகளில் முதல் சில பத்திகள் தலைவர்களுக்கு வணக்கமும் நன்றியுமாகப் போகும். அதை வேகமாகத் தாண்டி, முதல் ஊர்ப் பெயர் வரும் இடத்தில் நில்லுங்கள். தேங்காப்பட்டணம், பேச்சிப்பாறை, ஏ.வி.எம். கால்வாய், ஏதோ ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்துதான் அவர் சொந்தமாகப் பேசத் தொடங்குகிறார். சபாநாயகர் எத்தனை முறை 'முடியுங்கள்' என்றார், யார் குறுக்கே பேசினார்கள், குறுக்கீட்டுக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாரா என்பதையும் குறியுங்கள். கட்சியின் பலத்தைப் பொறுத்துத்தான் நேரம் பிரிக்கிறார்கள்; புதிய உறுப்பினருக்குச் சில நிமிடம்தான் மிஞ்சும். அந்தச் சில நிமிடத்தில் எதை முதலில் சொன்னார் என்பதுதான் அவருடைய மனசு.

மக்களவையில் 377ஆவது விதியின் கீழ் எழுப்புகிற விஷயங்கள் சின்னதாக, 250 வார்த்தைக்குள் இருக்கும். தொகுதிப் பிரச்சினைகள் அதிகம் கிடைப்பது அங்கே. அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

எண்ணிக்கையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

இத்தனை சதவீதம் வருகை, இத்தனை கேள்வி, இத்தனை விவாதம் என்று உறுப்பினர்களுக்கு மதிப்பெண் போடும் பட்டியல்களை இப்போது எல்லாரும் பகிர்கிறார்கள். அதை முகவரியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வைக்கக் கூடாது. ஹெலன் டேவிட்சன் இருந்த 15ஆவது மக்களவையையே எடுங்கள். 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரணை கேட்டு நடந்த அமளியில் கிட்டத்தட்ட முழுவதும் முடங்கியது. அந்தக் காலத்தில் ஒருவருடைய கணக்கில் விவாதம் குறைவாக இருந்தால் அது அவருடைய குறையா?

இன்னொன்று: 2013 மார்ச்சில் தி.மு.க. இலங்கைத் தமிழர் பிரச்சினையை முன்வைத்து மத்திய கூட்டணி அரசிலிருந்து வெளியே வந்தது. ஹெலன் டேவிட்சன் அதுவரை ஆளும் கூட்டணி உறுப்பினர், அதற்குப் பிறகு இல்லை. அவருடைய கேள்விகளை 2013 மார்ச்சுக்கு முன், பின் என்று இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்து, மீனவர் பிரச்சினையில் தொனி மாறியிருக்கிறதா என்று படியுங்கள். ஒரு மாணவி தன் கட்டுரைக்கு இதை மட்டும் செய்தால்கூட அது மாவட்டத்துக்கே பயன்படும்.

வாக்கெடுப்பை வைத்தும் ஒருவரை எடைபோட முடியாது. 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். அதனால்தான் வாக்கைவிடப் பேச்சைப் படியுங்கள் என்கிறேன். குழுக்களில் பேசுவது வெளியே வராது, அறிக்கை மட்டும்தான் வரும். 1996இல் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவை ஆராய்ந்த கூட்டுக்குழுவுக்குத் தலைவராக இருந்தவர் மேற்கு வங்கத்தின் கீதா முகர்ஜி. அந்த அறிக்கையைப் படிக்காமல் அவருடைய பங்களிப்பைப் பற்றி எழுத முடியாது. அந்த ஒதுக்கீடு 106ஆவது திருத்தமாக நிறைவேற 2023 செப்டம்பர் ஆகிவிட்டது.

பின்னணி கடைசியில்தான்

பேச்சைப் படித்து முடித்த பிறகுதான் வாழ்க்கை வரலாற்றுக்குப் போக வேண்டும். அப்போதுதான் வாழ்க்கையில் எந்தத் துண்டு பேச்சுக்கு விளக்கம் தருகிறது என்று தெரியும். முத்துலட்சுமி ரெட்டியைப் பாருங்கள். மருத்துவர், அவருடைய தாய் தேவதாசி மரபுக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டுத் துணைத் தலைவரானவர், 1927இல் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். இதில் தாயின் பின்னணி தீர்மானத்தோடு நேராகப் பேசுகிறது, எழுதியே ஆக வேண்டும். முழுச் சட்டம் வர 1947 ஆயிற்று என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஆனால் இந்த ஒழிப்பை எதிர்த்த காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்கு அவர் கொடுத்த பதிலடி என்று மேடைதோறும் சொல்லப்படுகிற வசனத்தை அப்படியே எடுக்காதீர்கள். அந்தச் சபையின் நடவடிக்கைக் குறிப்பில் பாருங்கள். அச்சில் கண்ணால் பார்த்ததை மட்டும் மேற்கோளாகப் போடுங்கள். இந்த விதியை நான் யாருக்காகவும் தளர்த்துவதில்லை.

நம் கடற்கரை ஊர்களில் பிறந்த தேதிக்குப் பங்குக் கோயிலின் திருமுழுக்குப் பதிவேடுதான் நல்ல ஆதாரம். பங்குத்தந்தையிடம் எதற்காக என்று விளக்கி எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். குடும்பத்தார் அனுமதி இல்லாமல் வீட்டு விஷயங்களை எழுத வேண்டாம்.

ஊர்ப் பெரியவர்களிடம் பேசப் போகும்போது ஆளைப் பற்றிக் கேட்டால் 'நல்ல அம்மா' என்பதோடு பேச்சு நின்றுவிடும். காரியத்தைப் பற்றிக் கேளுங்கள். குளச்சலில் ஒரு பாட்டியிடம் என்னோடு வந்த மாணவி, "பாட்டி, லூர்தம்மாள் மந்திரியா இருந்தப்ப உங்களுக்கு என்ன ஞாபகம்?" என்று கேட்டாள். "நல்ல பொம்பள மக்கா" என்று சொல்லிவிட்டுப் பாட்டி வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார். நான், "அப்பல்லாம் குடிதண்ணிக்கு எங்க போவீங்க பாட்டி?" என்றேன். வெற்றிலை அப்படியே கையில் நின்றது. எந்தக் கிணறு, எந்த நேரம், கோடையில் உப்புக் கரித்தது, எந்த வீட்டுக்காரர் விடவில்லை, பொதுக்குழாய் வந்த அன்று யார் யார் குடத்தோடு நின்றார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு உள்ளாட்சித் துறை மானிய விவாதத்தில் குடிநீர் வரும் பக்கங்களைப் படித்தபோது மாணவிக்கு அந்த எண்களெல்லாம் குடமாகத் தெரிந்தன.

பதிலுக்குப் பிறகு என்ன நடந்தது?

'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசை மீது வைக்கப்படும்' என்று அமைச்சர் சொன்னால் அது ஓர் உறுதிமொழி. மக்களவையில் அதை நிறைவேற்ற மூன்று மாத அவகாசம். நிறைவேறியதா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, அதன் அறிக்கைகளும் கிடைக்கும். அதிலும் தெரியாவிட்டால் சம்பந்தப்பட்ட துறைக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். மனுவில் கேள்வி எண்ணையும் தேதியையும் தவறாமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் 'விவரம் தெளிவாக இல்லை' என்று திரும்பி வரும்.

எழுதும்போது ஒரே ஒரு விவாதத்தை எடுத்து விரிவாக எழுதுவதுதான் நல்லது. ஐந்து வருடத்தையும் ஒரு பக்கத்தில் அடைக்க நினைத்தால் மறுபடியும் பட்டம், பதவி, புகழ் என்றுதான் போகும். அவர் கேட்டது, அரசு சொன்னது, எதிர்த்தவர் சொன்னது, பிறகு நடந்தது. இவ்வளவும் வந்தால் அவருடைய பின்னணி தானாக உள்ளே இடம் பிடித்துக்கொள்ளும். எதிர்த்தவர் பேசியதை வெட்டாதீர்கள். வலுவான எதிர்ப்புக்கு அவர் எப்படிப் பதில் சொன்னார் என்பதில்தான் அவர் யார் என்று தெரிகிறது. அவர் பதில் சொல்லத் திணறிய இடம் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஒவ்வொரு மேற்கோளுக்குப் பக்கத்திலும் தேதி, தொகுதி எண், பக்க எண் மூன்றையும் போடுங்கள். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்தில் கொடுங்கள், இன்னொன்றை அவருடைய சொந்த ஊர்ப் பள்ளிக்குக் கொடுங்கள். பெரியவர்களிடம் கேட்டு எழுதிய நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் அந்தப் பிரதியோடு சேர்த்துத் தைத்துக் கொடுங்கள். அடுத்து எழுத வருகிற பிள்ளைக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த நோட்டில்தான் இருக்கும்.